கவரைப்பேட்டையில் ‘பிரேக்’ என்றால் வேறு

ஆள் எடுக்கப் போனதை எல்லாம் பயணக் கட்டுரையாக எழுதுவாயா என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலையாகப் போகிற பலர் வழி கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் 2007 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய் வந்ததை எழுதுகிறேன். வழியை நம்பிப் போகலாம். வழியைத் தவிர அன்று நான் செய்த எதுவும் சரியில்லை.

நான் பகுதி நேரமாக வேலை பார்த்த தொண்டு நிறுவனம் ஒன்று, படிப்பை நிறுத்தியவர்கள், வேலை இழந்தவர்கள் என்று அந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு மனம் ஒடிந்துபோகாமல் இருக்க மாலை வகுப்பு நடத்த இருந்தது. உள்ளூரில் ஒரு பயிற்சியாளர் தேவை. ஒரே ஒரு இடம். கல்லூரியில் பதினான்கு வருடம் ஆங்கிலம் நடத்தியவனுக்கு ஆளை எடைபோடத் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் காலை 7.05க்கு வண்டி. டிக்கெட் பத்து ரூபாய், கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர். அத்திப்பட்டு தாண்டும்வரை வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கண்ணில் விழும். பொன்னேரிக்குப் பிறகு காற்று நன்றாக இருக்கிறது. 8.30க்கு கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். நிலையத்துக்கு வெளியே உள்ள கடையில் இட்லி, வடைகறி, டீ, மொத்தம் பதினெட்டு ரூபாய். வடைகறிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

நெடுஞ்சாலை ஓரம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் நேர்முகத் தேர்வு. ஏழு பேர் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், மருந்துக் கம்பெனி விற்பனையாளர், என்னிடமே பாலிசி விற்கப் பார்த்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று விதவிதமான ஆட்கள். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘தொழில் பின்னணி’ என்றொரு கட்டம். அதை வைத்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

ஐந்தாவதாக வந்தவர் அமுதா. வயது இருபத்தேழு, பிளஸ் டூ, கவரைப்பேட்டைக்காரர். அவருடைய கட்டத்தில் ஆறு வரிகள் இருந்தன. ‘எட்டு மாதம், பிரேக். ஏழரை மாதம், பிரேக். எட்டு மாதம், பிரேக்.’ இப்படியே கடைசி வரை. வருடத்துக்கு ஒரு முறை ஓய்வெடுக்கிற பெண் அடுத்தவர்களுக்கு விடாமுயற்சியைச் சொல்லித் தரப்போகிறதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“எதுக்கு ஆறு தடவை பிரேக் எடுத்தீங்க?” என்றேன்.

“எடுக்கல சார். குடுத்தாங்கோ.”

பரவாயில்லையே, கேட்டால் விடுப்பு கொடுக்கிற கம்பெனிகள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கில வாத்தியார் அர்த்தம் கேட்பதாவது! தொடர்ச்சியின்மை என்று குறித்து, பத்துக்கு மூன்று போட்டேன். மனோதத்துவத்தில் முதுகலை படித்த ஓர் இளைஞருக்கு ஒன்பது. 12.40க்கு சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்து அவர் பெயரைச் சொன்னேன்.

வகுப்பு நடக்கவிருந்த கட்டடத்தைப் பார்க்க அடுத்து கவரைப்பேட்டை போக வேண்டும். எட்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய். ஓட்டியவர் காதர் பாய், பழவேற்காட்டுக்காரர். வண்டியில் நான் ஒருவன்தான். இன்னா விசயமா வந்தீங்க என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆறு முறை பிரேக் எடுத்த பெண்ணின் கதையை நகைச்சுவையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“இன்னா சார், படிச்சவரு இப்டி பேசுறீங்க? இருநூத்தி நாப்பது நாளு சேந்தாப்ல வேல செஞ்சிட்டா பர்மனன்ட் கேப்பாங்கோ. அதுக்கு முன்னாடியே காண்ட்ராக்டுகாரன் கணக்க முட்ச்சி ஊட்டுக்கு அனுப்பிடுவான். பத்து பாஞ்சி நாளு கயிச்சி புது ஆளு மாரி மறுபடி சேத்துப்பான். அதுக்குப் பேருதான் சார் இங்க பிரேக்கு. பெரிய பேஜாரு அது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. “கவரப்பேட்டைல ஒரு பொண்ணு கீது, அமுதான்னு. பிரேக்கு குடுத்துட்டா பொண்ணுங்க அயுதுகினு அதாண்டதான் போவும். சும்மா குந்திக்கினு இருக்காதீங்கடின்னு டென்த்து எய்த வெக்குது. என் பொண்ணும் அப்டி பாஸானதுதான்.”

இது எதுவும் படிவத்தில் இல்லை. தொழில் என்ன என்றுதான் கேட்டிருந்தோம். தொழில் இல்லாத நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அலுவலகத்துக்கு மறுபடி போன் போட்டேன். நிறுவனத்தை நடத்துகிற மேடம் பொறுமையாகக் கேட்டார்கள். “செலக்ட் ஆனவர்கிட்ட சொல்லியாச்சே சார், அவரும் ஒத்துக்கிட்டார். இப்ப மாத்தினா நல்லாவா இருக்கும்?” என்றார்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். நேரில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். “சரி மேடம்” என்றேன். இரண்டே சொற்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று காதர் பாயை அமுதாவின் வீட்டுக்கு விடச் சொன்னேன். அது அடுத்த முட்டாள்தனம். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. உள்ளே நான்கு பெண்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அமுதா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“சார், நீங்களே ஊடு தேடி வந்துட்டீங்களே! கெடச்சிடுச்சா சார்?”

இல்லை என்றேன். அந்தப் பெண்கள் நோட்டுகளை மூடினார்கள். அமுதா அவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பரவால்ல சார். இன்னிக்குக் காலைலதான் காண்ட்ராக்டரு மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருந்தாரு. இன்டர்வியூன்னு போவல. வேற ஆள எடுத்துட்டாராம்.” பிறகு கேட்டார்: “நான் எதுனா தப்பா எய்திட்டனா சார்? சொல்லுங்க, அடுத்த தபா கரெக்டா எய்துறேன்.”

சொல்ல வேண்டிய பதில் வாய்வரை வந்தது. தவறு என்னுடையது, எனக்கு உங்கள் சொல் தெரியவில்லை என்று சொல்ல ஐந்து நொடி போதும். “எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, போட்டி ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு, 4.10 வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திரும்பி வர கவரைப்பேட்டையில் ஏறினால் உட்கார இடம் சந்தேகம்தான், கும்மிடிப்பூண்டியிலேயே ஏறுங்கள். தொழிற்பேட்டை சாலைகளில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் அவசியம். ஷிஃப்ட் மாறுகிற இரண்டு மணிக்கு ஆட்டோ கிடைக்காது. பயிற்சியாளர் தேடிப் போகிறீர்கள் என்றால், முதலில் ஆட்டோக்காரரிடம் பேசுங்கள், பிறகு படிவத்தைப் பிரியுங்கள். நான் மாற்றிச் செய்தேன்.

அந்த முதுகலை இளைஞர் மூன்றே மாதத்தில் சென்னையில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உடனே காதர் பாய்க்குப் போன் செய்து அமுதாவைப் பற்றி விசாரித்தேன்.

“அது ஆந்திரா பார்டர்ல, தடா ஊரு பக்கம் கம்பெனி ஆஸ்டலுக்குப் போய்ட்ச்சே சார். ஊடு பூட்டிக் கெடக்குது.”

“அங்க படிச்சிக்கிட்டிருந்த பொண்ணுங்க?”

“நாலு பேரும் டென்த்து பரீச்சைக்கு ஃபாரம் எய்திப் போட்டிருந்துதுங்கோ சார். ஒண்ணுகூட போவல.”