தீயில்லாத அடுப்பில் ஞானராஜ் மாஸ்டர்

ஞானராஜ் மாஸ்டர் இறந்துவிட்டார் என்று அவர் மகன் ஜோசப் போன் செய்தபோது நான் கருங்குழியில் என் மகள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கால் நுழைந்துவிட்டது, மற்றது நுழையவில்லை. “காதர் மாமா, அப்பா காலையில எழுந்திருக்கல” என்றான். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். கடற்கரைச் சாலை விடுதியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு அவரைத் தெரியும். மாமல்லபுரத்தைத் தாண்டி இருந்த அந்த விடுதியின் சமையலறையில் இறைச்சிப் பகுதி முழுக்க அவர் கையில் இருந்தது. நான் அங்கே ஸ்டோர் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வந்து தங்கும் இடம் என்பதால் பன்றி இறைச்சி தவறாமல் வரும். நான் அதைத் தொட மாட்டேன். ஆனால் வருகிற சரக்கை எடை பார்த்து உள்ளே ஏற்றுவது என் வேலை. முதல் முறை அந்தப் பெட்டி வந்தபோது நான் தராசுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சரக்கு கொண்டுவந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

“நீ தராசு முள்ள மட்டும் பாரு பாய். பொட்டிய நான் தூக்கறேன்.”

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டியை அவரேதான் தூக்கினார். வேறு ஆளை அனுப்பியதே இல்லை. ஏதோ உபகாரம் செய்கிறவர் மாதிரி முகத்தையும் வைத்துக்கொண்டதில்லை. பன்றியே சாப்பிடாத ஒருவன் பன்றி சாப்ஸை வைத்து அஞ்சலி எழுதுகிறானே என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். மாஸ்டர் இருந்தால் எல்லோரையும்விட அதிகமாக அவர்தான் சிரித்திருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் சதுரங்கப்பட்டினத்தில், கடலோரம் டச்சுக் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில், தன் சொந்த வீட்டில் இருந்தார். மனைவி காலமான பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். ஒரு மத்தியானம் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். குழம்பு தீய்ந்து, சட்டியும் தீய்ந்து, வீடெல்லாம் புகை. வலை பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் மறுநாளே ஜோசப் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஆயுசு முழுக்க நெருப்பு முன்னால் நின்ற மனிதர், ஒரு சட்டி தீய்ந்ததற்காக ஊரைவிட்டுக் கிளம்பினார்.

ஜோசப்பின் வீடு செங்கல்பட்டில் ஓர் அடுக்குமாடியில், மேல்தளத்தில். அவனும் வேலைக்குப் போகிறான், அவன் மனைவி நிர்மலாவும் போகிறாள். போகும்போது சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைப்பார்கள். பிறகு வெளியே கிரில் கதவைப் பூட்டுவார்கள். நானும் செங்கல்பட்டிலேயே இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பதால் என்னிடம் ஒரு சாவி கொடுத்தார்கள். மத்தியானம் தொழுதுவிட்டு அப்படியே அங்கே போவேன். பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்.

“இன்னா வார்டன் சார், வந்துட்டியா? கைதி உள்ளதான் கீறான்.”

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே சாவியைப் பைக்குள் மறைப்பேன். ஒருநாள் ஜோசப்பைக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டு, “பெத்த அப்பனைப் பூட்டிட்டுப் போறியே, நல்லாவா இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவன் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“மாமா, வந்த புதுசுல வெளிய போனவரு ரயில்வே கேட்டாண்ட நின்னுகினு இருந்தாரு. ஊட்டுக்கு வழி தெரியல. தெரிஞ்ச ஆட்டோக்காரர்தான் இட்டாந்து உட்டாரு. எனக்கு மட்டும் பூட்டணும்னு ஆசையா, சொல்லுங்க” என்றான். கண் கலங்கிவிட்டது. அவன் நடிக்கவில்லை. மேலே போய் மாஸ்டரிடம் இதைக் கேட்டேன்.

“வழி தெரியாம எவன் நின்னான்? ரயிலப் பாத்துகினு நின்னேன் பாய்” என்றார். இருவரில் யார் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே நிஜமாக இருந்திருக்கலாம்.

அந்த வீட்டு பால்கனியிலிருந்து ஏரி தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் ‘என்ன அழகான வியூ’ என்பார்கள். மாஸ்டர் ஒருமுறை கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி கீது பாய். ஆனா எங்கயும் போவல, எங்கிருந்தும் வரல.” கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஏரி எப்படிப் போதும்? நான் பேச்சை மாற்றி டீ போடலாமா என்று கேட்டேன். ரெகுலேட்டர் பீரோவில் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் பிளாஸ்கில் இருந்ததை ஊற்றிக் குடித்தோம்.

அப்போதுதான் அந்த வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் வந்தது. கரண்டில் ஓடுகிற அனல் காற்றுப் பெட்டி அது; எண்ணெய் இல்லாமல் கட்லெட் செய்யலாம் என்று நிர்மலா வாங்கினாள். மாஸ்டர் முதலில் அதை மதிக்கவே இல்லை. “தல காய வெக்கிற மெஷினுக்கு டப்பா கட்டி உட்டுக் கீறானுங்க” என்றார். ஆனால் அது வேலையை முடித்ததும் மணியடித்துத் தானாகவே அணைந்தது. அதைப் பார்த்ததும் மாஸ்டரின் முகம் மாறிவிட்டது. எழுந்து போய் வெறும் பெட்டியை மறுபடி ஓடவிட்டார். மறுபடி மணி, மறுபடி அணைந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“பாத்தியா பாய்? நான் மறந்தாலும் இது மறக்காது. கேஸ் வாணாம், நெருப்பு வாணாம். இந்த ஒரு பொட்டி இருந்தா நான் என் வூட்டுல இருக்கலாம் இல்ல?”

அன்று இரவு மகனிடமும் அதையே கேட்டிருக்கிறார். ஜோசப் யோசித்துவிட்டு, “ஒரு ஞாயித்துக்கிழமை யாரு உதவியும் இல்லாம நீங்களே செஞ்சு காட்டுங்கப்பா. அப்புறம் பேசலாம்” என்றானாம். மறுநாள் மாஸ்டர் இதை என்னிடம் சொன்னபோது பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். எலும்போடு மெல்லிசாக வெட்டிய பன்றி சாப்ஸ்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் பெயர் வாங்கியதே அதில்தானே. மாமல்லபுரத்துக் குளிர்பதனக் கடையிலிருந்து ஜோசப் பாக்கெட் வாங்கி வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். நிர்மலா எனக்கென்று பன்றிக்கறி படாத ஒரு டம்ளரைத் தனியாக வாங்கி வைத்திருந்தாள். நான் கேட்காமலே செய்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல என்னால் முடியாது. அன்று நடந்ததும் அவள் அக்கறையால்தான் நடந்தது. மாஸ்டர் பிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். சாப்ஸ் எல்லாம் மஞ்சள் பூசி, வெந்து, சுருங்கிக் கிடந்தன. “காலையில கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே குக்கர்ல வெச்சு எடுத்துட்டேன் மாமா. பன்னிக்கறியில புழு இருக்கும், நல்லா வேகணும்னு எங்கம்மா சொல்லுவாங்க. உங்களுக்கும் வேலை மிச்சம்” என்றாள் மாமனாரிடம். நம் பக்கத்தில் இந்தப் பயம் இல்லாத வீடு எது? விரல் கனம்கூட இல்லாத துண்டை விசில் விட்டு வேகவைத்து, அதை மறுபடி அனல் காற்றில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். மாஸ்டர் டப்பாவைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். “சரிம்மா” என்று சொல்லி மிளகைத் தூவி உள்ளே வைத்தார்.

வெளியே வந்தது செருப்புத் தோல். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஜோசப்புக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. மென்றான், மென்றுகொண்டே இருந்தான். கடைசியில் “பரவால்லப்பா” என்றான். ஒரு சமையல்காரனைக் கொல்ல அந்த ஒரு சொல் போதும். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, “கை மறந்துட்ச்சிடா” என்றார்.

என்னை வழியனுப்ப கிரில் வரை வந்தபோது, “நடந்ததச் சொல்லியிருக்கலாம்ல?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“அந்தப் பொண்ணு டெய்லி எனுக்கு வெந்நி வெச்சுக் குடுத்துட்டு வேலைக்கு ஓடுது. அத்தப் புருசங்காரன்கிட்ட காட்டிக் குடுக்கறதா?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “பயந்து பயந்து வேக வெச்சா எதுவும் செருப்புதான் பாய்” என்றார்.

அடுத்த ஞாயிறு ஜோசப்பிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டு வாங்கினார். நிர்மலாவைக் கூப்பிட்டு, “நீ பக்கத்துலயே நின்னு பயப்படும்மா. கறியத் தொடாத, போதும்” என்று சிரிக்க வைத்தார். துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தார். ஓரத்துக் கொழுப்பில் கத்தி நுனியால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கீறினார்; கீறாவிட்டால் துண்டு கிண்ணம் மாதிரி குழிந்துகொள்ளுமாம். நசுக்கிய பூண்டு, மிளகு, துளி வினிகர், துளி எண்ணெய். உப்பைக் கடைசியில்தான் போட்டார். வெறும் பெட்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கினார். நான் டீ குடிக்க ஆரம்பித்தேன். பாதி டம்ளர் குடித்திருந்தபோது சாப்ஸைத் திருப்பிப் போட்டார். டம்ளர் காலியாகும்போது மணியடித்தது. வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மூக்கு என்னைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது?

ஜோசப் தட்டில் கை வைக்கப் போனான். “இருடா, அது கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்” என்று நிறுத்தினார். பிறகு சாப்பிட்டான். எலும்பை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தான், அதற்கடுத்ததையும் எடுத்தான். சின்ன வயதில் விடுதிப் பின்வாசலில் உட்கார்ந்து அப்பா கையால் சாப்பிட்டதெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். மாஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பாஸாகிவிட்டார் என்று நானும் நினைத்தேன்.

“சூப்பர்ப்பா! கை அப்படியே கீதே! இனிமே நீங்க எங்கயும் போகக் கூடாது. ஞாயித்துக்கிழமைன்னா இந்த வூட்டுல உங்க சாப்ஸ்தான்” என்றான் ஜோசப்.

நிர்மலா கைதட்டினாள். அடுத்த வாரம் தன் அண்ணன் வீட்டையும் கூப்பிடலாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. “ஜோசப், அந்த வூட்டப் பத்தி அப்புறம் பேசலாம்னு சொன்னியேப்பா?” என்றேன். “அதான் இங்கயே எல்லாம் இருக்கே மாமா. அங்க யாருக்கு செஞ்சு போடப்போறாரு?” என்றான். வாய் நிறையச் சிரிப்பு. மாஸ்டர் கையில் இடுக்கியோடு நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“இன்னொண்ணு வெக்கட்டாடா?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் விருந்துதான். மற்ற நாள் பூட்டு. தோற்றிருந்தால் ‘உங்களால் முடியாது’ என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். ஜெயித்ததால் ‘உங்களை விட முடியாது’ என்று வைத்துக்கொண்டார்கள். நான் வயிற்றெரிச்சல் தாங்காமல், “ஒரு வாரம் வேணும்னே கெடுத்துடுங்க மாஸ்டர். கூட்டம் கலையும்” என்றேன். அவர் என்மேல் கோபப்பட்டது அன்று மட்டும்தான்.

“சாப்பாட்டுல பொய் சொல்லச் சொல்றியா? நல்லா செஞ்சாலும் பூட்டு, தீய்ச்சாலும் பூட்டு. அதுக்கு நல்லாவே செஞ்சுட்டுப் போறேன்” என்றார். அப்புறம் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவரைச் சதுரங்கப்பட்டினத்தில்தான், மனைவிக்குப் பக்கத்தில், அடக்கம் செய்தோம். அங்கே போவதற்கு இந்த முறை யாரும் தடை சொல்லவில்லை. வலைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கடல் நன்றாகக் கேட்டது. ஜோசப் என் தோளில் சாய்ந்து, “ஒரு வாரமாவது இங்க இட்டாந்து வெச்சிருக்கலாம் மாமா. ஒரு தபாகூட வேணும்னு அடிச்சுக் கேக்கலையே அவரு” என்று தேம்பினான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கேட்டார் என்றும் சொல்லவில்லை, கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை பாசத்தோடு குறுக்கே நிற்கும்போது எந்த அப்பன் முட்டித் தள்ளிக்கொண்டு போவான்?

போன வாரம் கருங்குழியிலிருந்து என் மகள் சபீரா வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக என் துணிமணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். “மாடி ரூம் உங்களுக்குத்தான் அத்தா. மாஸ்டர் மாமா போனதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இனிமே தனியா இருக்க வேணாம். நாங்க பாத்துக்கறோம்” என்றாள். வழக்கமாக ‘பாக்கலாம்மா’ என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அன்று அப்படிச் சொல்ல வரவில்லை.

“மாட்டேம்மா” என்றேன்.

அவள் கையில் என் சட்டை அப்படியே நின்றுவிட்டது. முகம் வாடிப்போனது. இவ்வளவு கஷ்டமான சொல் அது என்று அப்போதுதான் தெரிந்தது. “ஏன் அத்தா?” என்றாள்.

“ஒரு மனுசன் இந்த ‘மாட்டேன்’ங்கற வார்த்தையச் சொல்லாமயே போயிட்டாரும்மா” என்றேன். “அவருகிட்டருந்து எனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான்.”