வீடு எழும்பிய அன்று பக்கத்து வீட்டில்

ஒரு வீட்டை அடியோடு பெயர்த்து ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று யாராவது முன்பு என்னிடம் சொல்லியிருந்தால், காலங்காத்தாலேயே ஏத்திக்கொண்டு வந்துவிட்டாரா என்றுதான் கேட்டிருப்பேன். இப்போது எங்கள் வீடே அப்படித் தூக்கிய வீடு. கணபதி ஏரியாவில் அதே இடத்தில், பழைய உயரத்துக்கு மூன்றடி மேலே, ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்கிறது. பட்டறை முடிந்து வந்து படியேறும்போது இன்னும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

தூக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ரோடு. அப்பா கட்டிய காலத்தில் தெருவிலிருந்து படி ஏறித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அதன் பிறகு தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டார்கள். ரோடு வளர்ந்துகொண்டே போனது, வீடு அங்கேயே இருந்தது. கடைசியில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டிய நிலைமை. போன ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் ஹாலில் கணுக்கால் அளவு நின்றது. என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு, "ஒண்ணு இந்த ஊட்டைத் தூக்கோணும், இல்ல நான் கெளம்போணும்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். ஆனால் இன்றைய விதிப்படி சுற்றிலும் இடம் விட்டால், எங்கள் குறுகலான சைட்டில் மிஞ்சுவது ஒரு ரூமும் பாத்ரூமும்தான். அதனால் தூக்குவது என்று முடிவானது. தூக்கும் காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். வீட்டைச் சுற்றி நடந்தார், சுவரைத் தட்டினார், பக்கத்து வீட்டோடு எங்கள் வீடு ஒட்டுகிற மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

அந்த மூலையின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வரைபடத்தில் பக்கவாட்டில் காலியிடம் காட்டி அனுமதி வாங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு வரைபடத்திலும் அப்படித்தான். மண்ணில் மட்டும் அந்தக் காலியிடத்தைக் காணோம். அப்பா எல்லைக்கல் வரைக்கும் கட்டினார். அவரைப் பார்த்து, பின்னால் கட்டிய பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் சுவரோடு சேர்த்தே கட்டிவிட்டார். இரண்டு சுவருக்கும் நடுவே கலவை இறங்கி இறுகி, எது யாருடைய சுவர் என்று தெரியாதபடி ஒன்றாகிக் கிடந்தது. நான் மோட்டார் பம்புக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைக்காரன். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை விடாமல் ஒருவன் கடைந்தால், அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவேன். வீட்டு விஷயத்தில் இத்தனை வருஷமும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

"தூக்கறதுக்கு முன்னாடி இந்த ஜாயிண்டை மேலிருந்து கீழ வரைக்கும் மெஷின் வெச்சு வெட்டிப் பிரிக்கணும் சார். அந்த ஊட்டுக்கு உள்ளயும் சுவத்துக்கு முட்டுக் கொடுக்கணும்" என்றார் காண்ட்ராக்டர். அதற்குத் தனிச் செலவு. தொகையைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தூக்கும்போது அதுவாகவே பிரிந்துகொள்ளும், வெறும் பூச்சுதானே என்று சொன்னேன். "உங்க இஷ்டம் சார். அந்தப் பக்கம் ஏதாச்சும் ஆனா நான் பொறுப்பில்லை" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

தெருவில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. டீக்கடையில் ஒருவர், விதியெல்லாம் சரவணம்பட்டிப் பக்கம் மாடி மேல் மாடியாகக் கட்டுகிறவர்களுக்குத்தான், நமக்கு எதற்கு என்றார். இன்னொருவர், விதிப்படி நடந்தால் ஏழை வீடே கட்ட முடியாது என்றார். அதில் உண்மையும் இருந்தது. நான் என் பங்குக்கு, என் வீடு, என் சுவர், என் காசு, எவன் கேட்பது என்று சத்தமாகச் சொன்னேன். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடமும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு படுத்திருக்காங்கன்னு தெரியுமில்லீங்க?"

தெரியாமல் என்ன? பக்கத்து வீட்டு அண்ணன் படுத்திருந்தார். தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நெரிசலில் தொங்கிக்கொண்டே டிக்கெட் கிழிப்பார், அவர் விசில் அடித்தால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவனுக்குக்கூடக் கேட்கும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் கட்டில் எங்கள் சுவரை ஒட்டிய ரூமில்தான். பவானியில் இருக்கும் மகள் வந்து எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். தன் வீட்டை விட்டு வாசப்படி தாண்ட மாட்டேன் என்று அவர் ஒரே பிடியாக இருந்தார். வேறு ரூமுக்கு மாற்றலாம் என்றால் அந்த வீட்டில் வேறு ரூம் கிடையாது, சமையலறைதான் மிச்சம்.

சரி, நாமே போய்ப் பேசிவிடலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டு அக்கா கதவைத் திறந்து, "வாங்க தம்பி, வா அம்மணி, உக்காருங்க" என்று காபி போடப் போனார். காபி வந்தது. நான் வீடு தூக்குவதை விவரமாகச் சொன்னேன். ஜாக்கிகளைப் பற்றி, இரும்புச் சட்டத்தைப் பற்றி, ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் தூக்குவார்கள் என்பதைப் பற்றி. சுவரை வெட்டுவதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு செவுரும் ஒட்டிக் கெடக்குதுங்களே, உங்க ஊடு மேல போறப்ப எங்க செவுத்தை இழுக்காதுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவாதுங்க அக்கா" என்றேன்.

"ஆவாதுங்களா?"

"நூத்துக்கு நூறு ஆவாதுங்க. நான் சொல்றனல்லங்க."

"அப்படின்னா சரிங்க தம்பி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்றார். டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். "ஒண்ணே ஒண்ணுங்க. மொதல் தடவை தூக்கற அன்னைக்கு நீங்களும் அம்மணியும் இங்க எங்க ஊட்டுல வந்து உக்காந்துக்கோங்க. அவரு கட்டில்கிட்டயே சேர் போட்டுத் தாரேன். காலைப் பலகாரமும் இங்கேயே ஆச்சு. நீங்க கூட இருந்தா அவருக்கும் தெம்பா இருக்குமுங்க."

அதில் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. குரலில் ஒரு சூடு இல்லை. விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னார். நான் அந்த ரூமை ஒரு தடவை பார்த்தேன். கட்டில், அதை ஒட்டிச் சுவர், சுவரில் காலண்டர், மேலே ஓட்டுக் கூரையைத் தாங்கும் உத்தரம். அந்த உத்தரத்தின் ஒரு முனை எங்கள் பக்கச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. எத்தனை தடவை அந்த ரூமுக்குப் போயிருப்பேன், அன்றைக்குத்தான் அதை அண்ணாந்து பார்த்தேன்.

"வாரோங்க அக்கா" என்றாள் என் மனைவி, நான் வாய் திறப்பதற்குள்.

வெளியே வந்து அவர்கள் கேட்டைச் சாத்துவதற்கு முன்பே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். ஜாயிண்டை வெட்டுங்கள், முட்டும் கொடுங்கள், உத்தரத்துக்குக் கீழே தனியாக ஒரு தூண் வையுங்கள் என்றேன். "அதெல்லாம் வேண்டாம்னீங்களே சார்?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ர ஊடு, என்ர செவுரு, என்ர காசுன்னீங்க?" என்று அன்று முழுக்க என்னைப் போட்டு வறுத்தெடுத்தாள்.

சுவரைப் பிரிக்கிற வேலை ஆரம்பித்தது. புழுதி பறந்தது, தெருவே தும்மியது. வெட்டி முடித்துக் கழுவிவிட்டபோது, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு நேர்கோடாக வெளிச்சம் தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. இதைத்தானா அந்த வரைபடத்தில் அத்தனை வருஷமாக எழுதி வைத்திருந்தார்கள் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தூக்கும் நாள் காலையில் சொன்னபடி போய் உட்கார்ந்தோம். இட்லி, தக்காளிச் சட்னி. எனக்கு இறங்கவில்லை. அண்ணன் குளித்துத் திருநீறு பூசிச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ரூமுக்குள் புது முட்டுகள் வரிசையாக நின்றன. ஜன்னல் திண்டில் அவருக்கு மாத்திரை போட ஒரு டம்ளர் தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்தது. அக்கா அவர் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

வெளியே மேஸ்திரி ஒத்திகைக்கு விசில் அடித்துக் காட்டினார். ஒரு விசிலுக்கு எல்லா ஆட்களும் ஜாக்கியைப் பிடிக்க வேண்டும், இரண்டு விசிலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று திருப்ப வேண்டும். அதைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "டபுள் விசில்! ரைட், போலாம்!" என்றார் குழறலாக. அதைச் சொல்லிவிட்டு நல்ல கையை மெதுவாகத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டார்.

விசில். பிறகு இரண்டு விசில். அப்பா கட்டிய வீடு வெளியே முனகியது. மரம் நெரிபடுகிற மாதிரி ஒரு சத்தம், எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத சத்தம். மனைவி என் கையை இறுகப் பிடித்திருந்தாள். நான் அந்தத் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி விசில், மறுபடி முனகல். தண்ணீர் அசையவில்லை. ஒரு சிற்றலைகூட இல்லை. காலண்டர் தாள் ஃபேன் காற்றுக்கு ஆடியதைத் தவிர அந்த ரூமில் எதுவும் ஆடவில்லை.

எத்தனை விசில் போனதோ தெரியாது. அண்ணன் சுவரில் கையை வைத்தபடியே என் பக்கம் திரும்பி, "என்னங்க தம்பி, இன்னும் வண்டியை எடுக்கலையா?" என்றார்.

நான் எழுந்து போய்த் தெருப் பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் வீடு ஒரு சாண் மேலே போயிருந்தது. நாங்கள் சாப்பிட்ட, தூங்கிய, சண்டை போட்ட வீடு, அரிசி மூட்டையோடும் பீரோவோடும் அப்பாவின் படத்தோடும் மண்ணை விட்டு எழுந்து நின்றது. சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே அந்தக் கோடியில் நிற்கிற ஆட்களின் கால்கள் தெரிந்தன. இந்தப் பக்கம் படுத்திருந்த மனுஷருக்கு அது கிளம்பியதே தெரியவில்லை. ஒரு விரல் இடைவெளி அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

"எடுத்தாச்சுங்க அண்ணா. போயிட்டே இருக்குதுங்க" என்றேன்.

ஆட்கள் டீ குடிக்க நிறுத்தினார்கள். அக்கா எழுந்து அந்த டம்ளரை எடுத்து, அண்ணனுக்கு மாத்திரை கொடுத்து, அவர் வாயைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"ஏனுங்க தம்பி, வெட்டாமயே தூக்கியிருந்தீங்கன்னா, இன்னைக்கு இங்க வந்து உக்காந்திருப்பீங்களா?"

என் மனைவி தரையைப் பார்த்தாள். சமாளித்துப் பேசுவதில் நான் கெட்டிக்காரன்தான். அந்தக் கட்டில் பக்கத்தில் இருந்துகொண்டு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வந்திருக்க மாட்டேனுங்க அக்கா" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார் அவர். "அதுனாலதான் வரச் சொன்னேன்."

வெளியே டீ டம்ளர்களை வைக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டார். அக்கா காலி டம்ளரில் மறுபடியும் தண்ணீர் ஊற்றி, அதே ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் சுவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அடுத்த விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.