நியூட்ரலில் இறங்கிய ஜீப்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதில் லேப்டாப்தான் பேசியது.

ஆட்டோகிராஸ் என்றால் வேறொன்றுமில்லை. அறுவடை முடிந்த நிலத்தில் கூம்புகளை வைத்து, வளைத்து வளைத்துப் பாதை போட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பது. எங்கள் மலையடிவாரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். நேரம் பார்ப்பது என் வேலை. கம்ப்யூட்டர் படித்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தீப்பெட்டி அளவு டேட்டா லாகரை வண்டிக்குள் ஒட்டி, இன்ஜினோடு ஓர் ஒயரை இணைப்பேன். எங்கே எவ்வளவு வேகம், இன்ஜின் எத்தனை சுற்று என்று எல்லாவற்றையும் அது பதிந்துவைக்கும். பிறகு லேப்டாப்பில் கோடுகளாக விரித்து, எந்த வளைவில் நேரம் போனது என்று ஓட்டியவர்களுக்குச் சொல்வேன். நான் சொன்னால் முகம் சுளிப்பார்கள், கோட்டைக் காட்டினால் அடங்கிவிடுவார்கள்.

இந்த முறை என் வீட்டுக்காரரும் ஓட்டினார். மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டிலிருந்து கீழே டவுனுக்கு ஆள் ஏற்றும் ஜீப் அவருடையது. காலையில் பாதி வண்டி பள்ளிப் பிள்ளைகள். எங்கள் மகளும் அதில்தான் போகிறாள். முந்தின நாள் மாலையே வாசலில் வைத்து லாகரை மாட்டிவிட்டேன். ஞாயிறு காலை மூன்று பேரும் அதே ஜீப்பில் மலை இறங்கினோம்.

மூன்றாவது இடம் வந்தார். மகள் குதித்தாள். எனக்கும் பெருமைதான். லேப்டாப்பைத் திறந்தேன். பந்தயப் பாதையின் ஏரிக்கரைச் சரிவில் வேகக் கோடு ஏறுகிறது, இன்ஜின் கோடோ தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. நியூட்ரல்.

எங்கள் மலை டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் இன்ஜினின் பிடி இல்லாமல் வண்டிக்குப் பிரேக் ஒன்றுதான் கதி; சூடேறினால் அதுவும் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜீப் அப்படித்தான் பள்ளத்தில் போனது. இனிமேல் செய்ய மாட்டேன் என்று அன்றைக்கு மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார் இவர்.

“இன்னாங்க இது?” என்றேன்.

“கீழதானே, இங்க இன்னா ஆவப்போவுது? மலைல செய்வனா நானு?” சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போய்விட்டார்.

வண்டி நகர்ந்தாலே லாகர் தானாகப் பதிய ஆரம்பிக்கும். அது காலையிலிருந்தே பதிந்திருப்பது அப்போதுதான் உறைத்தது. கோட்டைப் பின்னால் தள்ளினேன். மலைப்பாதை வந்தது. ஒவ்வொரு இறக்கத்திலும் இன்ஜின் கோடு படுத்துக் கிடந்தது. ஒரு வளைவில் வேகம் ஐம்பத்தெட்டு. அந்த இடம் எனக்குத் தெரியும். பள்ளத்துப் பக்கம் சுவர் கிடையாது. அங்கேதான் காலையில் மகள் என் மடியில் தூங்கிப்போனாள். எவ்வளவு சத்தமில்லாமல் ஓட்டுகிறார் என்று நான் மனசுக்குள் மெச்சினேன்.

அவர் வந்ததும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“சத்தியமா எனக்கே தெரியல. கை தானா போவுது,” என்றார்.

பொய் சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளோடு நானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் பின்னால் இருந்தாள். கியர் கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “நான் புடிச்சிக்கினு வர்றேன். நீங்க ரோட்டப் பாருங்க,” என்றேன். தலையாட்டினார். முதல் இறக்கம் வந்தது. அவர் கண் ரோட்டில்தான் இருந்தது. கை மட்டும் வந்து என் கை மேல் படிந்து, என் கையோடு சேர்த்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது.