மச்சினன் பிடித்த கயிறு

இந்த ஊர்க் கூடார முகாமில் காலையில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் "மோர்கன்" என்று வணக்கம் சொல்கிறார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அக்குளில் ஒரு டாய்லெட் பேப்பர் உருளையை இடுக்கிக்கொண்டு, கழிப்பறைக் கட்டடத்தைப் பார்த்து நிதானமாக நடந்துகொண்டே, சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் தூத்துக்குடியில் ஒருவர் அந்த வேலையாகப் போகிறார் என்று தெரிந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை. இங்கே நிறுத்தி வைத்து மழை வருமா என்று விசாரிக்கிறார்கள். முதல் நாள் நான் கூச்சப்பட்டு உருளையைத் துண்டுக்குள் சுற்றி மறைத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கூடாரத்து ஹில்டா அம்மாள் துண்டைப் பார்த்துவிட்டு, நான் குளிக்கப் போகிறேன் என்று நினைத்து, எந்தக் குளியலறையில் வெந்நீர் நன்றாக வரும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கிருந்த அவசரத்தில் நான் தலையை ஆட்டிக்கொண்டே ஓட வேண்டியதாயிற்று.

முன்பின் தெரியாதவர்களெல்லாம் இப்படி உருளையும் கையுமாக வணக்கம் பரிமாறிக்கொள்கிற இடத்தில், ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்த என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான். "செல்வி, அந்த உப்ப எடு" என்பார் இவர். உப்பு தம்பியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். நான் எழுந்து போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். நல்லா இருக்கிறதில்லையா கூத்து?

விஷயம் இதுதான். ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து நாங்கள் ஹம்பர்க்கில் இருந்தோம். அது துறைமுக நகரம். கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால், வ.உ.சி. துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். போன வருடம் இவருக்கு நியூரம்பர்க் பக்கம் மாற்றலாகிவிட்டது. இங்கே கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் யோசிக்கிறார்கள். சுற்றிலும் காடு. காட்டுக்குள் கோயில் கோபுரம் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறைகள். சனிக்கிழமையானால் ஊரே கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறைக்குக் கிளம்புகிறது. இவரும் கிளம்பிவிட்டார். சண்முகம் என்று பேர். தாமிரபரணிக் கரையில் வயலும் வரப்புமாக வளர்ந்த மனிதர், ஏணியில் ஏறி பல்பு மாற்றவே ஆளைக் கூப்பிடுகிறவர், நாற்பது வயதுக்கு மேல் பாறை ஏறுகிற பைத்தியமாகிவிட்டார்.

என் தம்பி முத்துவை இந்த நாட்டுக்குக் கூட்டி வந்ததும், தன் கம்பெனியிலேயே சொல்லிச் சேர்த்துவிட்டதும் இவர்தான். இந்த வசந்த காலத்தில் முத்து வேலையை விட்டுவிட்டான். ஊரில் சேக்காளி ஒருவனோடு சேர்ந்து துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்தப் போகிறான். என்னிடம் சொன்னான். "அத்தான்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்க்கா" என்றான். சொல்லவில்லை. இவருக்கு அதைச் சொன்னவர் மேலதிகாரி, கேன்டீனில் காப்பிக்கு நிற்கிற வரிசையில் வைத்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்த இவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்த வாரம் முத்துவுக்கு விமானம். இப்படியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரிந்தார்கள் என்றால் இந்த ஜென்மத்தில் ஒட்டாது. எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் ஊரிலும் இவர் இங்கேயுமாக ஆளுக்கொரு திசையில் நின்றுவிட்டால் நான் எந்த வீட்டுக்குப் போய் வருவேன்? அதனால்தான் மகள் யாழினியைத் தூண்டிவிட்டு, மாமாவை வழியனுப்ப ஒரு கூடாரப் பயணம் என்று கிளப்பினேன். அவள் ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்த ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலேயே பாறை ஏறக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

முகாமுக்கு வந்த மறுநாள் காலை பாறைக்குப் போனோம். இவர் ஏறும்போது வழக்கமாகக் கீழே நின்று கயிறு பிடிப்பது நான்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏறுகிறவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, போகப் போகப் பாறையில் அடித்திருக்கிற இரும்புக் கொக்கிகளில் அதை மாட்டிக்கொண்டே போவார். கீழே நிற்பவர் தன் இடுப்பில் இருக்கிற ஒரு சின்னக் கருவி வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஏறுகிறவர் தவறினால் அந்தக் கருவியும் கீழே நிற்பவர் கையும்தான் அவரைத் தடுக்கும். அன்றைக்கு நான் கயிற்றைத் தொடவில்லை.

"நான் பிடிக்கல. முத்து பிடிக்கட்டும்" என்றேன்.

இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். நான் அசையவில்லை. பக்கத்துப் பாறையில் தன் கணவரோடு ஏறிக்கொண்டிருந்த ஹில்டா அம்மாள் அருகே வந்தார். யார் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். என் தம்பி என்றேன். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, முத்துவைக் காட்டி, "இவர் எத்தனை கிலோ?" என்றார்.

"இவன் என் கூடப்பிறந்த தம்பி" என்றேன்.

"அது சரி. எடை?"

"என் தம்பி பிடித்தால் என் கணவருக்கு ஒன்றும் ஆகாது."

அந்த அம்மாள் என் ஜெர்மனில்தான் கோளாறு என்று நினைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்: உன் கணவர் கனமானவர், இவர் ஒல்லி, கனமானவர் விழுந்தால் ஒல்லியானவர் மேலே பறந்துவிடுவார். எனக்குப் புரிந்தது. ஆனால் என் கணக்கை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

தூத்துக்குடியில் அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகம் போகிற சாலையில் கயிற்றுக் கடை. தாரும் மீன் கவிச்சியும் கலந்த அந்த நாற்றத்தை நினைத்து நான் ஒன்றும் ஏங்கவில்லை, கல்யாணமாகி அதைவிட்டு வந்ததே விடுதலை. ஆனால் அங்கே பார்த்தது மறக்காது. முத்துக்குளிப்பு எங்களுக்கு முந்தியே நின்றுபோயிருந்தது. சங்கு குளிக்கிறவர்கள் கயிறு வாங்க வருவார்கள். குளிக்கிறவன் தனியாக வர மாட்டான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவனைக் கூட்டிக்கொண்டு வருவான். மச்சினன்தான் கயிற்றை இழுத்துப் பார்ப்பான், முறுக்கிப் பார்ப்பான், சரி என்பான். ஏனென்றால் கடலில் வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடிக்கப் போகிறவன் அவன். கூடப்பிறந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் தகராறு இருக்கும்ளா. மச்சினன் கைய விட்டா அவன் அக்கா தாலில்லா போவும்" என்றார்.

லீவு நாட்களில் முத்து அந்த வள்ளங்களில் தொற்றிக்கொண்டு போவான். கொஞ்சம் வளர்ந்ததும் கயிறு பிடிக்கவும் விட்டார்கள். அங்கே சட்டம் ஒன்றே ஒன்று. தண்ணீருக்குள் இருப்பவன் கயிற்றைச் சுண்டினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் தூக்க வேண்டும். கடலுக்கடியிலிருந்து பேச முடியாதல்லவா.

ஏறுவதற்கு முன்னால் இங்கே பார்ட்னர் செக் என்று ஒன்று உண்டு. ஒருவர் முடிச்சை இன்னொருவர் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவரும் ஊமைப்படம் மாதிரி ஒருவர் இடுப்பை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். "பேசாம செக் பண்ணக் கூடாது. அது செக் இல்ல" என்று யாழினி அதட்டினாள். இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "க்நோட்டன்?" என்றார். முடிச்சு எப்படி என்று கேட்கிறாராம். "பாஸ்ட்" என்றான் அவன், சரியாக இருக்கிறதாம். ஏழு கடல் தாண்டி வந்து, தமிழில் பேசக் கூடாதென்று இரண்டு தமிழர்கள் ஜெர்மனில் பேசிக்கொண்டார்கள். அடிக்கணும் போல இருந்தது எனக்கு.

இவர் ஏறினார். முதல் கொக்கி, இரண்டாவது, மூன்றாவது. யாழினி ஏறும்போது கயிறு பிடித்துப் பழகியிருந்த முத்து, கண்ணிமைக்காமல் அண்ணாந்து பார்த்துக் கயிறு விட்டுக்கொண்டிருந்தான். இவர் இரண்டு மாடி உயரம் தாண்டினார். இடது கை பாறையிடுக்கில், வலது கையில் கயிறு. தலைக்கு மேல் இருக்கிற கொக்கியில் அதை மாட்ட வேண்டும். கயிறு எட்டவில்லை. அந்த நேரத்தில் கயிறு வேண்டும் என்பதற்கு "ஜைல்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் கீழே நிற்பவர் கயிறு விடுவார். இல்லையென்றால் "முத்து" என்று கூப்பிட வேண்டும். இவரோ வாயைத் திறக்கவில்லை. ரோஷம்! பேசாமல் கயிற்றை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினார்.

முத்து இழுத்தான்.

யோசித்து இழுக்கவில்லை, அவன் கை இழுத்தது. விட வேண்டிய கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தான். மேலே இவர் கை பாறையைவிட்டுப் பிய்ந்தது. "ஐயோ, என்னங்க!" என்று நான் கத்தியது அந்தக் காடு முழுக்கக் கேட்டிருக்கும். இவர் முதுகு கீழே வருகிறது. அதே நேரத்தில் என் பக்கத்தில் நின்ற தம்பியின் கால்கள் தரையைவிட்டுக் கிளம்பி என் கண்ணுக்கு மேலே போகின்றன. ஹில்டா அம்மாள் சொன்னபடியே பறந்தான். பாறையில் தோள் மோதுகிற சத்தம். யாழினி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது இரண்டு பேரும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் மேலேயிருந்து வந்தவர், அவன் கீழேயிருந்து போனவன், நடுவில் கைக்கெட்டும் தூரத்தில், முகத்துக்கு முகம். இவர் முழங்காலுக்குக் கீழே ரத்தம். முத்துவுக்குத் தோள் உராய்ந்து சட்டை கிழிந்திருந்தது. கயிற்றைப் பிடித்த கை மட்டும் இடுப்போடு ஒட்டியபடி இருந்தது. அதை அவன் விடவே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அல்லெஸ் கூட்?" என்று ஹில்டா அம்மாள் கத்தினார், எல்லாம் சரியா என்று.

"ஏலே, கயிறு கேட்டா இழுப்பியாலே?" என்றார் இவர், மூச்சு வாங்க. தமிழ்! இத்தனை மாதத்துக்கு அப்புறம்.

"சுண்டுனியள்லா அத்தான்."

"சுண்டுனா?"

"சுண்டுனா தூக்கணும்லா."

"இது என்ன தூத்துக்குடி கடலாலே? பாறைலே, பாறை!"

"வாயத் தொறந்து கேட்டிருந்தா விட்டிருப்பேம்லா."

கயிறு மெதுவாகச் சுழன்று இவர் முகத்தை அப்பால் திருப்பியது. பாறையில் கையை ஊன்றித் தன்னைத் திருப்பிக்கொண்டு வந்து, "நீ மட்டும் வாயத் தொறந்தியாலே? காப்பி வரிசைல நின்னு எவனோ சொல்லிக் கேக்க வச்சிட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்றார்.

முத்து தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் நான் சண்முகத்தோட மச்சினன் அத்தான். எம்பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. நான் போணும். உங்ககிட்ட சொல்லி, நீங்க ஒரு தடவ 'இருலே'ன்னு சொல்லிட்டா நான் எப்டிப் போவேன்? அதான் சொல்லல."

அதைக் கேட்டு நான் கீழே நின்று அழுதேன். யாழினி, "அம்மா, அவங்க முதல்ல எறங்கணும், அப்புறம் பேசணும்" என்று பாறைச் சட்டம் பேசினாள். முத்து கருவியை மெல்ல நெகிழ்த்த, இரண்டு பேரும் ஒன்றாகவே தரைக்கு வந்தார்கள்.

ஹில்டா அம்மாள் மருந்துப் பெட்டியோடு வந்து இவர் காலுக்குக் கட்டுப் போட்டார். போட்டுக்கொண்டே என்னிடம், பார்த்தாயா, எடை என்றேனே என்றார். பார்த்தீர்களா, அவன் கையை விடவில்லையே என்றேன் நான். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனால் இருவருக்கும் மற்றவர் சொன்னது கடைசிவரை விளங்கவில்லை. தங்கள் பாறையில் மேலேயே கயிறு மாட்டி வைத்திருப்பதாகவும், அதில் ஒல்லியானவர் ஏறட்டும், கனமானவர் கீழே நிற்கட்டும் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஏறுதியாலே?" என்றார் இவர்.

"ஏறுதேன் அத்தான்."

"முடிச்சக் காட்டு." இவர் குனிந்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றார். அப்பா கடையில் நின்ற மச்சினன்மார்களைப் போலவே இருந்தது.

முத்து ஒல்லி உடம்புக்கு விறுவிறுவென்று ஏறி உச்சியைத் தொட்டுவிட்டான். "மாமா, சூப்பர்!" என்று யாழினி குதித்தாள்.

"என்னலே தெரியுது?" என்று இவர் கீழேயிருந்து கத்தினார்.

"காடுதான் அத்தான்! அங்கன ஒரு சர்ச்சு தெரியுது!"

"கடலு தெரியுதா?"

"அதுக்கு ஊருக்குத்தான் போணும்!"

இவர் சிரித்தார். கயிற்றை இறுக்கிக்கொண்டார். முத்து பாறையிலிருந்து கையை எடுத்துவிட்டு, கயிற்றில் உட்கார்ந்து, "எறக்குங்க அத்தான்!" என்றான். இவர் இறக்கவில்லை. அவனுடைய பாரம் முழுவதையும் இடுப்பில் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். மறுபடியும் கூப்பிட்டான். ஏதாவது பிரச்சினையா என்று ஹில்டா அம்மாள் என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏங்க, கூப்பிடுதாம்லா. எறக்குங்க" என்றேன்.

"கொஞ்சம் இருளா" என்றார், கண்ணை மேலேயிருந்து எடுக்காமல். "எறக்குனா போயிருவாம்லா."

மேலே வானத்துக்கும் மரங்களுக்கும் நடுவில் என் தம்பி தொங்கிக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு, கயிற்றை ஒரு சுண்டு சுண்டினான். இவர் இன்னும் ஒரு கை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.