காகத்துக்கு வைச்ச சோறு

புரட்டாதிச் சனி வந்தால் எங்கட வீட்டில மனுசர் சாப்பிட முதல் காகம் சாப்பிடவேணும். அது என்ர மனுசன்ர சட்டம். காகம் கொத்தாமல் அவர் வாயில ஒரு பருக்கை படாது. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து நகரத்துக்குள்ள மல்வேர்னில மாடிக் கட்டடத்தில இருந்த காலத்தில பல்கனிக் கட்டில சோத்தை வைப்பார். காகம் வந்தால் வரும், வராட்டிப் புறா தின்னும். "புறாவும் பறவைதானே" எண்டு தானே தீர்ப்புச் சொல்லிப்போட்டு வந்து குந்திச் சாப்பிடுவார். எங்களுக்கு அது பகிடி. நகரத்துக்கு வெளியில ஸ்ரௌவ்வில்லுக்கு வந்தாப் பிறகுதான் பகிடியில்லாமல் போனது.

இஞ்ச வந்தது மகளுக்காக. அவளும் மருமகனும் புது வீடு வாங்கி, பேஸ்மென்ரை, கீழ்த்தட்டை, எங்களுக்கு ஒதுக்கித் தந்தவை. மருமகன் லொறி ஓடுறவர், அமெரிக்காப் பக்கம் போனால் வர ஒரு கிழமை செல்லும். மகளுக்கு அப்ப ஏழாம் மாசம். அதுக்கு முதல் ஒண்டு வயித்தில தங்காமல் போட்டுது. அவளுக்கு ஏழரைச் சனி நடக்குதெண்டு ஆரோ ஒரு சாத்திரி ஃபோனில சொல்லிவிட்டான், இந்த மனுசன் பிடிச்சுக்கொண்டுது. நாலு சனியும் விரதம், நாலு சனியும் காகத்துக்குப் படையல், பிள்ளை சுகமாய்ப் பிறக்கவேணும். நானும் மறுக்கேல்லை. எனக்கும் பயம்தானே.

எங்கட பின்வளவுக்கு ஒரு வேலி, வேலிக்கு அங்கால ஒரு துண்டுக் காடு, அதுக்கங்கால சோளத்தோட்டம். காகத்துக்கு என்ன குறை? முதல் சனி கூட்டமாய் வந்து இறங்கினதுகள். அந்தாளின்ர முகத்தைப் பாக்கவேணும்! வாழையிலைத் துண்டில எள்ளுச்சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை எண்டு குவிச்சு வைச்சிருந்தார். "கொஞ்சமாய் வையுங்கோப்பா, காகம் என்ன கலியாண வீட்டுக்கே வருது?" எண்டன். நேத்தி வைச்சுப்போட்டுக் கஞ்சத்தனம் பண்ணக்கூடாதாம்.

ரண்டாம் சனி நான் குசினி யன்னலால பாக்கிறன், வேலியடியில கறுப்பாய் ஒண்டு குந்தியிருக்கு. ஆற்றையோ நாய் எண்டு நினைச்சு, "அடிக்!" எண்டு கண்ணாடியில தட்டினன். அது தலையை நிமித்திப் பாத்துது. மூக்கு மண்ணிறம், காது வட்டம். என்ர அம்மாளாச்சி, கரடி! இலையை ஒரு காலால அமத்திப் பிடிச்சுக்கொண்டு நக்குது. ஒரு பருக்கை மிச்சம் விடேல்லை. கடைசியில இலையையும் திண்டுது.

நான் போட்ட சத்தத்துக்கு மகள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால இவர் வந்தார், ஈரத் தலையோட, நெத்தி நிறைய விபூதியோட. எட்டிப் பாத்திட்டு என்ன கேட்டவர் தெரியுமே? "உது வாறதுக்கு முதல் காகம் கொத்தினதோ?"

இந்த மனுசனை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய!

மகள் ஃபோன் அடிச்சாள். காட்டு மிருகங்களுக்குப் பொறுப்பான கந்தோரில இருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை வாகனத்தில வந்தது, சின்ன வயசு, நல்ல மரியாதை. வளவெல்லாம் சுத்திப் பாத்திட்டு விளங்கப்படுத்தினாள். குளிர் துவங்க முதல் கரடி நாள் முழுக்கத் தின்னுமாம், கொழுப்பு வைக்கவேணுமாம். ஒரு இடத்தில சாப்பாடு கிடைச்சால் அந்த இடத்தை மறக்காதாம். குப்பைத் தொட்டியை உள்ளுக்கு எடுங்கோ, வெளியில ஒரு சாப்பாட்டுச் சாமானும் வைக்காதேங்கோ, இது மனுசருக்குப் பயமில்லாமல் திரும்பத் திரும்ப வந்துதெண்டால் கடைசியில கொல்லுறதைத் தவிர வேற வழியிருக்காது எண்டாள். மகள் அதைத் தேப்பனுக்கு உடைச்சுச் சொன்னாள். "அப்பா, ஆர் யூ லிசினிங்? நீங்கள் சோறு வைச்சா அவை அதைச் சுடுவினம்." இவர் தலையை ஆட்டினார். இந்தாள் தலையாட்டினால் ஒத்துக்கொண்டதெண்டு அர்த்தமில்லை. கலியாணம் கட்டின நாள் துவக்கம் எனக்கு அது தெரியும்.

அந்தக் கிழமை எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. தேத்தண்ணி ஊத்துறன், யன்னலுக்குப் போறன். உடுப்பு மடிக்கிறன், யன்னலுக்குப் போறன். மகளைப் பின்னேரத்தில நடக்கச் சொல்லி டொக்ரர் சொன்னவர், அதையும் மறிச்சுப்போட்டன். அவள் வீட்டுக்குள்ள மேலயும் கீழயும் ஏறி இறங்கிக்கொண்டு என்னில எரிஞ்சு விழுறாள். பக்கத்து வீட்டுக்காரி மட்டக்களப்பு. "எங்கட ஊர்க் கரடியெண்டால் மூஞ்சையைப் பிய்ச்சுப்போடும் கா, இது பாவம், பார்த்திட்டுப் போகுது" எண்டு சிரிச்சுக்கொண்டு வேலிக்கு மேலால சொன்னாள். ஆனால் அவளும் தன்ர பிள்ளையளை வெளியில விடேல்லை.

மூண்டாம் சனி இவர் சொல்வழி கேட்டவர் எண்டுதான் சொல்லவேணும். சோத்தைக் கட்டிக்கொண்டு கார் எடுத்து, மல்வேர்னில பழைய கட்டடத்தின்ர பார்க்கிங்குக்குப் போனவர். அங்க காகத்தைக் காணேல்லை. கடற்புறாக் கூட்டம் வந்து இலையோட இழுத்துக்கொண்டு போட்டுதாம். வாடின முகத்தோட வந்தார். அண்டைக்கு ஏனோ புறாவும் பறவைதானே எண்ட தீர்ப்பு வரேல்லை. தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்திட்டார்.

அடுத்த புதன் மகளுக்கு இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினம். பிள்ளை பிறகு சுகமாய்த்தான் பிறந்தது, அதை இப்பவே சொல்லிப்போடுறன், நீங்கள் அந்தரப்படவேண்டாம். அண்டைக்கும் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லி அனுப்பினவை. ஆனால் திரும்பி வரேக்க காருக்குள்ள இவர் மெல்லமாய்ச் சொன்னார், "போன சனி காகம் கொத்தேல்லை."

அப்படியெல்லாம் இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

கடைசிச் சனி விடிய எழும்பிப் பாத்தால், அந்தாள் ஏணியைக் கொண்டுவந்து பின்வளவுக் கொட்டிலில சாத்திக்கொண்டு நிக்கிறார். புல்லு வெட்டுற மெசின் வைக்கிற மரக்கொட்டில். அதின்ர கூரையில வைச்சால் காகத்துக்குத்தான் எட்டுமாம்.

"உங்களுக்கு விசரே? கரடி ஏறும்!"

"காகம் கொத்தின உடனை எடுத்திடுவன்."

"அதுக்கிடையில வந்துதெண்டால் சுட்டுப்போடுவாங்கள். அந்தச் சீவன்ர பாவம் ஆரைச் சேரும்?"

ஏணியில நிண்டபடி என்னைத் திரும்பிப் பாத்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு என்ர பிள்ளையின்ர பிள்ளை வேணுமப்பா" எண்டார்.

நான் போய்ச் சமைச்சன். வேற என்ன செய்ய?

காகம் வந்தது. ஒண்டு வந்து கத்தி மற்றதுகளையும் கூப்பிட்டுது. நானும் அவரும் யன்னலடியில நிண்டு பாத்தம். நல்லாக் கொத்தித் திண்டதுகள். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஏணியில திரும்ப ஏறப் போனவரை நான்தான் மறிச்சன், விரதத்தோட தலை சுத்தி விழுந்திடுவியள், முதல் ரண்டு வாய் சாப்பிடுங்கோ எண்டு. மேசையில குந்தி ரண்டாம் வாய் எடுக்கேக்க கொட்டில் கூரை சடசடவெண்டு முறிஞ்ச சத்தம்.

கரடி கூரையில. பாரம் தாங்காமல் ஒரு பக்கம் உள்ளுக்குப் போட்டுது. அது பயந்து துள்ளிப் பக்கத்து வீட்டு வளவுக்குள்ள குதிச்சுது. அண்டைக்கெண்டு பாத்து அங்க பிறந்தநாள், கரடி இனி வராதெண்டு நம்பி வெளியில வைச்சிருந்தவை. பலூனும் பிள்ளையளுமாய் வளவு நிறைஞ்சிருந்தது. வீரிட்டுக் கத்தின சத்தம் இப்பவும் என்ர காதுக்குள்ள கிடக்கு. பிள்ளையளை இழுத்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குள்ள ஓடிச்சினம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. கரடி ரோட்டுக்குப் பாய்ஞ்சு, முன்னால நிண்ட மேப்பிள் மரத்தில ஏறி ஒரு கிளையில ஒட்டிக்கொண்டுது. நடுங்கிக்கொண்டிருந்தது. சனம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு சுத்திவர நிண்டுது.

பொலிசும் கரடிக்குப் பொறுப்பான ஆக்களும் வந்து சனத்தைக் கலைச்சினம், எங்களை உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டச் சொல்லிச்சினம். மயக்க ஊசி போடுற ஆக்கள் தூரத்தில இருந்து வரவேணும் எண்டு ஆரோ சொல்லிக் கேட்டுது. பிறகு அது மரத்தால இறங்கத் துவங்கினதாம். நான் காணேல்லை. வெடிச் சத்தம் மட்டும்தான் கேட்டன்.

அந்தச் சத்தத்துக்கு இவர் நிலத்தில குந்தி ரண்டு கையாலயும் தலையைப் பொத்தினார். ஊரில சண்டைக் காலத்தில ஷெல் விழேக்க நாங்கள் அப்படித்தான் குந்திறனாங்கள். இஞ்ச வந்த இவ்வளவு வருசத்தில அவர் அப்படிக் குந்தி நான் கண்டதில்லை. இன்னும் கழுவாத சோத்துக் கை, தலைமயிரெல்லாம் சோறு.

மகள் அவருக்குப் பக்கத்தில கஷ்டப்பட்டு இருந்து முதுகைத் தடவினாள். "அப்பா, இட்ஸ் ஓகே. அழாதேங்கோ. உங்கட பிழையில்லை."

"பின்னை ஆற்ற பிழை?" எண்டார்.

காலமை துவக்கம் அவரைத் திட்டுறதுக்கு எவ்வளவு சேத்து வைச்சிருந்தனான்! ஈரத் துணியைக் கொண்டுவந்து அவரின்ர தலையைத் துடைச்சுவிட்டன்.

பொழுதுபடேக்க சாமியறைக்குப் போய் நெருப்புப் பெட்டியை எடுத்தன். இவர் வாசல்படியிலயே நிண்டார், உள்ளுக்கு வரேல்லை.

"விளக்குக் கொளுத்தாதையும்" எண்டார். "துடக்கு."

வீட்டில ஒரு சாவு விழுந்தால் நாங்கள் காக்கிற தீட்டு அது. விளக்கில்லை, கோயிலில்லை, நல்லது கெட்டதுக்குப் போறதில்லை. வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில அந்தச் சொல்லை வாயில எடுக்கவே இந்தாள் விடாதவர்.

நான் நெருப்புப் பெட்டியைக் கீழ வைச்சன்.

"எத்தினை நாளைக்கு?" எண்டு மட்டும் கேட்டன்.

"சொந்தத்துக்குக் காக்கிற அளவுக்கு" எண்டார்.