ஒளித்து வைத்த எம்.எஸ்சி.

படிக்காதவர்கள் படித்ததாகப் போலிச் சான்றிதழ் காட்டி மாட்டிக்கொள்வது செய்தித்தாளில் வரும். நான் அதற்கு நேர்மாறு. எம்.எஸ்சி. முடித்துவிட்டு, முடிக்கவில்லை என்று சொல்லி வேலையில் சேர்ந்து, அந்தப் பொய்யை மூன்று வருடம் காப்பாற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்தேன். தாராவியில் எங்கள் சந்தில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. அப்பா பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். என் பட்டமளிப்பு போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு, சரக்கு இறக்க வரும் டெம்போக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். பட்டத்தோடு வேலையும் சேர்ந்து வரும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். வரவில்லை. பெரிய கம்பெனிகள் அனுபவம் கேட்டன. சின்ன லேப்கள் என் பயோடேட்டாவைப் பார்த்ததும் ஓவர் குவாலிஃபைட் என்றன. படிப்பு அதிகமாவது குற்றம் என்றால், அதை ஃபீஸ் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஒரு வருடம் அலைந்த பிறகு செம்பூரில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஹவுசிங் சொசைட்டிகளின் தண்ணீர், மசாலாப் பொடி, ஊறுகாய், எண்ணெய் என்று வருவதையெல்லாம் சோதித்து அறிக்கை கொடுக்கும் இடம். டெக்னீஷியன் வேலை. பி.எஸ்சி. போதும், எம்.எஸ்சி. படித்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று கறாராகப் போட்டிருந்தது. நான் பயோடேட்டாவின் கடைசி வரியை அழித்தேன். பி.எஸ்சி.க்குப் பிறகு மூன்று வருடம் என்ன செய்தாய் என்று கேட்பார்களே என்று யோசித்து, அம்மாவுக்கு முதுகுவலி, கூட இருந்து பார்த்துக்கொண்டேன் என்று தயார் செய்துகொண்டு போனேன். என் அம்மா நிறைந்த கியாஸ் சிலிண்டரைத் தனியாக உருட்டிக்கொண்டு வருகிறவர்.

லேபின் சொந்தக்காரர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் மேடம் என்போம். நான் சொன்னதைக் கேட்டு, "பாவம், அம்மாவுக்காக வீட்டோட இருந்திருக்கே" என்று உருகிப்போய் அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். லேபுக்குச் சாம்பிள் எடுத்து வரும் அண்ணன் எங்கள் பக்கத்துச் சந்துக்காரர், அதனால் இனி எம்.எஸ்சி. என்று யாரிடமும் பேச்செடுக்க வேண்டாம் என்றேன்.

"படிக்காதவன் படிச்சிருக்கேன்னு பொய் சொல்லுவான், கேட்டிருக்கேன். நீ படிச்சிட்டுப் படிக்கலைன்னு சொல்லுதியேட்டி" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வேறு கோபம். "என்னை எதுக்கு நோயாளி ஆக்குன?" என்று இரண்டு நாள் பேசவில்லை. அப்பா மட்டும் சொன்னபடி நடந்தார். டெம்போக்காரர்கள் மகளைப் பற்றிக் கேட்டால், "லேப்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பெருமையை வாய்க்குள் அடக்கிக்கொள்ள அவருக்குத் தெரியாது. எனக்காகக் கற்றுக்கொண்டார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வேலையில் தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுவது சுலபம், பாதி உலகம் அதைத்தான் செய்கிறது. தெரிந்ததைத் தெரியாதது போலக் காட்டுவதுதான் உயிரை வாங்கும். மெஷினைச் சரிசெய்ய வரும் ஆள் தப்பாக ஏதாவது சொன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை என்னையும் மீறி, கிராஃப் ஏன் கோணலாக வருகிறது என்று காரணம் சொல்லிவிட்டேன். உனக்கெப்படித் தெரியும் என்று மேடம் கேட்டார். "யூடியூப்ல பார்த்தேன் மேடம்" என்றேன். அன்றிலிருந்து மற்றவர்களிடமெல்லாம், "அவளைப் பாருங்கோ, யூடியூப் பார்த்தே கத்துக்கறா" என்று என்னை உதாரணம் காட்டத் தொடங்கினார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அம்மாவின் முதுகுதான் பெரும்பாடு. மேடம் மாதத்துக்கு ஒருமுறையாவது விசாரிப்பார். ஒரு மாதம் தேவலை என்பேன், மறுமாதம் மழைக்கு வலி கூடிவிட்டது என்பேன். ஒரு தீபாவளிக்கு, மாட்டுங்காவில் தெரிந்த வைத்தியரிடம் தானே போய்க் காத்திருந்து தைலம் வாங்கி வந்து கொடுத்தார். அந்தப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோன நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் வருடம் சீனியர் கெமிஸ்ட் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அறிக்கைகளில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போகாது. அந்த இடத்துக்கு எம்.எஸ்சி.யும் சில வருட லேப் அனுபவமும் கட்டாயம். மேடம் என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமை நேர்முகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு செய்முறைத் தேர்வு தயார் செய்யச் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நீ மட்டும் எம்.எஸ்சி. பண்ணியிருந்தா நான் வெளியே ஆளே தேட மாட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார். வெண்ணெய் எதிரிலேயே நிற்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை. தகவல் பொய்யென்று தெரிந்தால் உடனே வேலைநீக்கம் என்று நியமனக் கடிதத்திலேயே இருந்தது. அதன் கீழேதான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அப்பாவின் பட்டறை அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. வீட்டு வாடகை என் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லி நேர்முகத்துக்கு நானும் போகட்டுமா என்று வீட்டில் கேட்டேன். அம்மா, "இருக்கத விட்டுட்டுப் பறக்கதுக்கு ஆசப்படாத" என்றார். அப்பாதான், "வேலை போனாப் போகுது. எம்.எஸ்சி.ன்னு சொல்லித் தேடு. இந்தத் தடவ மறைக்காத" என்றார். வாடகைக்கு என்ன செய்வார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சயானில் பஸ் ஏறினேன். லேபுக்குப் போய், வெள்ளைக் கோட்டை எடுக்காமல், ஃபைலோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். கோபர்கைரனேயிலிருந்து வந்திருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, "மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்டாமே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மேடம் வெளியே வந்தார். "நீ எதுக்கு இங்கே ஒக்காந்துண்டிருக்கே? உள்ளே சாம்பிள்லாம் வந்தாச்சு."

"இன்டர்வியூக்கு வந்திருக்கேன் மேடம்."

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். ஃபைலை நீட்டினேன். நின்றபடியே பிரித்துப் பார்த்தவர், சிரிப்பு போய், உள்ளே வா என்று தலையசைத்தார்.

மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். "அப்போ அம்மா?" என்றார்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க மேடம். எப்பவுமே நல்லாத்தான் இருந்தாங்க."

"டிகிரியை மறைச்சதைக்கூட விட்டுடலாம். தைலம் வாங்கிக் குடுத்தேனேடீ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டிருந்தால் வேலை கொடுத்திருப்பேனே என்று அவர் சொன்னபோது மட்டும் அழுகைக்கு நடுவில் கோபம் வந்தது. "கேக்கவே முடியாதபடிதானே மேடம் விளம்பரம் போட்டிருந்தீங்க" என்றேன்.

"எம்.எஸ்சி. படிச்சவா ஆறு மாசத்துல ஓடிடறா. எத்தனை பேருக்கு நான் சொல்லிக் குடுக்கறது?"

"நான் மூணு வருஷமா இருக்கேன்."

அவர் ஃபைலை மூடினார். வெளியே போய் உட்காரச் சொன்னார். மற்ற ஆறு பேரையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். நான் தயார் செய்த தேர்வை நானே எழுத முடியாது, எனக்கு வேறு கொடுப்பதாகவும் சொன்னார். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு ஓர் எண்ணெய் சாம்பிள் கொடுத்தார், கலப்படமா என்று பார்க்க. கல்லூரியில் படித்த அத்தனையையும் வைத்து அன்றைக்குத்தான் முழுசாக வேலை செய்தேன். மூன்று வருடம் கட்டிப்போட்டிருந்த வலது கையை அவிழ்த்துவிட்டது போல இருந்தது. இரண்டு வருடப் படிப்பு எங்கேயும் போகவில்லை, எனக்குள்தான் இருந்தது. வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. வாடகை ஞாபகம் வந்ததும் அந்த எண்ணம் ஓடிப்போனது.

நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். என் முடிவுகளைப் படித்து முடித்து, தாளை ஓரமாக வைத்தார். "பயோடேட்டாவுல எழுதாதது இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. இல்லை என்று சொன்னால் வேலை எனக்குத்தான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவருடைய பயமெல்லாம் படித்தவர்கள் போய்விடுவார்கள் என்பதுதான்.

"பார்ட் டைம் பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணப் போறேன் மேடம். கெடைச்சா சேருவேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அதுக்கு மேலே படிச்சு என்ன பண்ணப்போறே?"

"தெரியலை. எண்ணெயில என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிக்கறதோட நிக்காம, இன்னும் சீக்கிரமா, செலவு கம்மியா கண்டுபிடிக்க வழி தேடணும்னு ஆசை."

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பொய் சொல்லி வாங்கிய பழைய வேலையை ராஜினாமா செய்து எழுதிக் கொடு, திங்கட்கிழமை சீனியர் கெமிஸ்ட் இடத்தில் புது ஆளாகச் சேர், ஆறு மாதம் புரொபேஷன், சேர்த்து வைத்த லீவெல்லாம் போச்சு என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அரைக்கும் மெஷினின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று முறை கத்த வேண்டியிருந்தது.

அடுத்த டெக்னீஷியன் விளம்பரத்திலிருந்து எம்.எஸ்சி. வேண்டாம் என்ற வரி இல்லை. நான் கேட்கவில்லை, மேடமே எடுத்துவிட்டார்.

போன வருடம் பிஎச்.டி. இடம் கிடைத்தது. வேலை செய்யும் இடத்திலிருந்து ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வேண்டும். நானே டைப் செய்து மேடத்தின் முன்னால் வைத்தேன். பேனாவைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார்.

"முடிச்சுட்டு இங்கேயே இருப்பியா?" என்றார்.

"தெரியலை மேடம்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.