டவர் ஹில்லிலிருந்து ஈலிங் வரை: ஒரு ஜனாதிபதி குடும்பத்தின் வழியில் அம்மாவுடன் ஒரு நாள்

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவை லூயிஷாமிலிருந்து வெஸ்ட் ஈலிங்குக்குக் கூட்டிப்போய் விடவேண்டியிருந்தது. சிவன் கோயிலில் ஒரு நேர்த்தி இருந்ததால் பத்து நாள் என்னோடு தங்கியிருந்தார். மற்றபடி அவர் இருப்பது வெஸ்ட் ஈலிங்கில், என் தங்கை வீட்டில். காரில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாக என் மனதில் வேறொரு பயணம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் ஓர் அமெரிக்கத் தம்பதி. நான் பேருந்து ஓட்டுநர். மார்ச் மாதத்தில் ஒரு காலை என் பேருந்தில் ஏறி, லண்டன் கோட்டைக்குப் பக்கத்தில் தங்கள் ஜனாதிபதி ஒருவர் கல்யாணம் கட்டிய தேவாலயத்துக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி அமெரிக்காவில்தானே கட்டியிருப்பார் என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். தேநீர் இடைவேளையில் போனில் தேடினால், அவர்கள் சொன்னது சரி. அமெரிக்காவின் ஆறாவது ஜனாதிபதி, பதவிக்கு வர இன்னும் பல வருடங்கள் இருக்கும்போது, 1797இல் அந்தத் தேவாலயத்தில்தான் மாலை மாற்றியிருக்கிறார். (மோதிரம் என்று சொல்ல வேண்டும். பழக்கதோஷம்.) அவருடைய தகப்பனார் அப்போது அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. மணப்பெண் லண்டனில் பிறந்தவர்.

அதற்குப் பிறகு நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். ஜனாதிபதியை விட அவர் மனைவிதான் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குடும்பம் இரண்டு வருடம் ஈலிங்கில், என் அம்மா இன்று இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மைலில் குடியிருந்தது என்று வாசித்தபோது, அம்மாவைக் கூட்டிப்போகும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது. டவர் ஹில்லிலிருந்து ஈலிங் பிராட்வேக்கு ஒரே ரயில். அந்தப் பெண்ணின் கல்யாணத்திலிருந்து அவர் பிள்ளைகளோடு சேர்ந்த வீடு வரைக்கும் டிஸ்ட்ரிக்ட் லைன் போகிறது.

காலை 9.40க்கு லூயிஷாமில் டி.எல்.ஆர். ஏறினோம். அந்த ரயிலில் ஓட்டுநர் கிடையாது. முன் இருக்கை கிடைத்தால் தண்டவாளம் உங்கள் மடிக்குள் வந்து விழுவதுபோல் இருக்கும். வாரம் ஐந்து நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு அது பெரிய சுகம். மெல்லிய மூடுபனி இருந்தது. கண்ணாடிக் கட்டடங்கள் பாதிவரை வந்து, மேல்பாதி வரையாமல் விட்ட படம்போல் நின்றன. அம்மா குளிர்ச்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, தண்ணீரில் நின்ற படகுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாங்க் நிலையத்தில் இறங்கி மெதுவாக நடந்து, 10.35க்குத் தேவாலயம்.

உள்ளே போகக் காசு இல்லை, உண்டியல் இருக்கிறது. போரில் குண்டு விழுந்து பிறகு திருத்திக் கட்டியது. கீழ்த்தளத்தில் ரோமர் காலத்துத் தரை ஒன்றும் சின்ன அருங்காட்சியகமும் உண்டு. கல்யாணம் எந்த இடத்தில் நடந்தது என்று அங்கிருந்த தொண்டர் பெண்மணியிடம் கேட்டேன். நடந்தது இந்தக் கோயிலில்தான், ஆனால் சுவர்களில் பாதி அப்போது இருந்தவை அல்ல என்றார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, எந்தக் கோயிலுக்குள் போனாலும் செய்வதுபோல் கண்ணை மூடிக் கும்பிட்டார். நிறக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் அவர் கைகளில் நீலமாக விழுந்திருந்தது.

11.50க்கு டவர் ஹில்லில் ரயில் ஏறினோம். ஈலிங் பிராட்வேக்கு ஐம்பத்தைந்து நிமிடம். இந்தப் பயணத்தில் மிகவும் நல்ல பகுதி இதுதான். நிலத்துக்கு அடியில் ஊர்ந்துபோய், ஏர்ல்ஸ் கோர்ட் தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்குள் எழும்பும். பிறகு வீடுகளின் பின்பக்கங்கள், காயப்போட்ட துணிகள், பூத்துக்கிடக்கும் மரங்கள். எல்லாம் அரைத்தூக்கத்தில் பார்ப்பதுபோல் கடந்துபோகும். அந்த ஆட்டத்தில் நான் அம்மாவுக்குக் கதை சொன்னேன்.

ஜனாதிபதியின் மனைவி லண்டனில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனவர். அங்கே இங்கிலீஷ் அவருக்கு மறந்தே போனது. திரும்பி லண்டனுக்கு வந்து பள்ளியில் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளானார். (பாரிசிலிருந்து இங்கே வந்து சேர்ந்த முதல் வருடம் எங்களுக்கும் அப்படித்தான். கடையில் வாய் திறந்தால் பிரெஞ்சு வந்து விழும்.) அமெரிக்கனைக் கட்டியும் அமெரிக்காவை அவர் கண்ணால் கண்டது கல்யாணமாகி நாலு வருடத்துக்குப் பிறகு. 1809இல் கணவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். மூன்று ஆண் பிள்ளைகள். கைக்குழந்தையைக் கொண்டுபோவது, எட்டும் ஆறும் வயதான மற்ற இருவரையும் ஊரில் உறவுக்காரரிடம் விடுவது என்று கணவரின் வீட்டார் முடிவெடுத்தார்கள். தாயிடம் யாரும் கேட்கவில்லை. கப்பல் ஏறிய பிறகு அந்த இரண்டு பிள்ளைகளையும் அவர் பார்க்க ஆறு வருடமானது. இடையில் ரஷ்யாவில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒரு வயதில் இறந்தது. கடைசியில் கணவர் பாரிசில் இருக்க, கொடும்பனியில், போர் நடந்த நாடுகளுக்கு ஊடாக, சின்ன மகனோடு வண்டியில் நாற்பது நாள் பயணம் செய்து வந்தார். பாரிசுக்குக் கிட்ட படைவீரர்கள் வண்டியை மறித்தபோது அவரைக் காப்பாற்றியது சின்ன வயதில் படித்த அந்தப் பிரெஞ்சுதான்.

அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் கதையை நிறுத்தினேன்.

எட்டு வயது, ஆறு வயது. இதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலம். அப்பா முன்பே பாரிசுக்குப் போய்விட்டார். பிறகு ஒரு விடியற்காலை அம்மா கைக்குழந்தையான தங்கையோடு புறப்பட்டார். அண்ணனுக்கு எட்டு, எனக்கு ஆறு. நாங்கள் எழும்பியபோது அம்மா இல்லை, பெரியம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் கழித்துத்தான் பாரிஸ் விமான நிலையத்தில் அவரைக் கண்டோம். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அண்ணன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான், அம்மா தொட வந்தபோது பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டான். இப்போது அவன் டொராண்டோவில். மாதம் ஒருமுறை அம்மாவை அழைப்பான். சுகமா, மருந்து எடுத்தீர்களா, வைக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. அப்பா செத்தபோதும் வந்தான், மூன்று நாளில் போய்விட்டான்.

12.45க்கு ஈலிங் பிராட்வே. சாப்பாட்டுக்கு வெளியே அலைய வேண்டாம் என்று அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டி வந்திருந்தார். நிலையத்துக்கு எதிரிலுள்ள புல்வெளியில் இருந்து சாப்பிட்டோம். 1.30க்கு ஈ8 பேருந்து. நிறுத்தங்களில் அந்த ஓட்டுநர் வண்டியைப் பூப்போல அணைத்து நிறுத்தினார், தொழில் தெரிந்தவர். வெஸ்ட் ஈலிங் கடைவீதியைத் தாண்டும்போது, வீடு இங்கேதானே, இறங்காமல் எங்கே கொண்டு போகிறாய் என்று அம்மா கேட்டார். இன்னும் இருபது நிமிடம் என்றேன். 1.55க்கு பாஸ்டன் மேனர் பூங்கா வாசலில் இறங்கினோம்.

உங்களை ஏமாற்றக் கூடாது. ஜனாதிபதி குடும்பம் இருந்த வீடு இப்போது இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தது, அதன் பெயரிலும் பாஸ்டன் இருந்தது என்பதோடு சரி. நாய் கூட்டி வந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். இந்த பாஸ்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தமில்லை, இது பழைய ஊர்ப்பெயர் என்றார். ஜனாதிபதியைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பூங்கா அழகு. பெரிய கேதுரு மரங்கள், ஒரு குளம், வாத்துகள், முந்நூறு நானூறு வருடப் பழைய மாளிகை ஒன்று. தூரத்தில் நெடுஞ்சாலை மேம்பாலம் ஓடுகிறது. கண்ணை மூடினால் அந்த இரைச்சல் கடல்போலத்தான் கேட்கிறது.

குளத்துக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்:

"அந்தப் பெடியள் ரெண்டும் தாயைக் கண்டதும் என்ன செய்தவை?"

அவர் தூங்கியிருக்கவில்லை. 1815இல் மகன்கள் இருவரும் கப்பலில் வந்து லண்டனில் ஒரு வாடகை வீட்டில் தாய் தகப்பனுக்காகக் காத்திருந்ததையும், பிறகு எல்லோருமாக இந்தப் பக்கம் குடிவந்ததையும் சொன்னேன். கணவருக்குக் கண்நோய் வந்தபோது அவர் சொல்லச்சொல்ல மனைவி கடிதங்கள் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அந்த அம்மா தன் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலங்களில் இது ஒன்று என்கிறார்கள். பார்த்த கணத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"பிறகு அவை நல்லா இருந்தவையோ?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. விட்டுவிட்டுப் போன இரண்டு பேரும் முப்பதை ஒட்டிய வயதில் செத்துப்போனார்கள் அம்மா, கூடக் கொண்டுபோன கடைசிப் பிள்ளைதான் நெடுங்காலம் இருந்தது என்றேன். மூத்தவன் கப்பலிலிருந்து கடலில் விழுந்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அம்மா குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பனி முழுவதும் விலகி, தண்ணீரில் வெயில் மிதந்தது. பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"பெரியவன் அண்டைக்கு நித்திரை இல்லைத் தம்பி. எழுப்ப வேண்டாம், அழுவினம் எண்டு பெரியம்மா சொன்னவ. நான் கடைசியா ஒருக்கா பாக்க வந்தனான். அவன்ர கண்மடல் ஆடினது. முழிப்பெண்டு எனக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தா எழும்பியிருப்பான். எழும்பியிருந்தா நான் போயிருக்கமாட்டன். அதால கூப்பிடேல்லை."

அண்ணன் அன்று விழித்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது. அதே பாயில், அவன் பக்கத்தில்தான் நான் படுத்திருந்தேன். முப்பத்தைந்து வருடத்தில் அவன் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. தாய் சொல்லாமல் போனார் என்பதல்ல அவனுடைய கோபம். தன்னைப் பார்த்துக்கொண்டே போனார் என்பது.

அவன் விழித்திருந்ததை நீங்கள் கண்டது அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"நான் சொல்லேல்லை. என்னெண்டு சொல்லுறது?" என்றார். பிறகு கையை நீட்டினார்: "போனைத் தா. அங்க இப்ப என்ன நேரம்?"

மூன்று மணி பத்து நிமிடம். டொராண்டோவில் காலை பத்து. எண்ணை அழுத்திக் கையில் கொடுத்தேன். "அம்மா கதைக்கிறன், பெரியவன்," என்பது மட்டும் காதில் விழுந்தது. எழும்பிக் குளத்தைச் சுற்றி நடந்தேன். எதிர்க்கரையிலிருந்து பார்த்தபோது போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மரநிழல் அசைந்து அசைந்து அவர்மேல் போய்வந்தது. இரண்டு முறை சுற்றினேன், மூன்றாவது முறையும் சுற்றினேன். நான் திரும்பி வந்தபோது போன் அவர் மடியில் இருந்தது. இருபத்திரண்டு நிமிடம் என்று காட்டியது.

"கோவம் போகேல்லையாம்," என்றார் அம்மா. சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஆனா, நாளைக்கும் எடுக்கச் சொன்னவன்."

4.20க்கு அதே ஈ8இல் வெஸ்ட் ஈலிங்கில் இறங்கினோம். அம்மன் கோயிலுக்குள் ஒரு நிமிடம் போய்விட்டு வருவோம் என்றார். ஒரு நிமிடம் முக்கால் மணியானது.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை நல்லது, ஞாயிறு வேண்டாம், தேவாலயத்தில் பூசை இருக்கும். சனிக்கிழமைகளிலும் சிலவேளை கல்யாணம் நடக்கும் என்பதால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் தண்டவாள வேலைக்காக டிஸ்ட்ரிக்ட் லைனை நிறுத்துவதும் உண்டு, காலையில் ஒருமுறை பாருங்கள். லண்டனின் முதல் மூன்று கட்டண வலயங்களுக்குள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் நான் போன அன்று வங்கி அட்டையில் ஒரு நாளுக்குப் பத்தரை பவுண்டுக்கு மேல் கழியவில்லை. அறுபது தாண்டியவர்களுக்கு லண்டன் இலவச அட்டை இருந்தால் செலவே இல்லை. அவசரமென்றால் எலிசபெத் லைன் இருக்கிறது, பாதி நேரத்தில் வெஸ்ட் ஈலிங் போய்விடலாம். ஆனால் அவசரமென்றால் இந்தப் பயணமே வேண்டாம். குளத்தடியில் வாங்குகள் குறைவு, இரண்டு மணிக்கு முன் போனால் இடம் கிடைக்கும். கழிவறை மாளிகைப் பக்கம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வீடு இல்லை, பெயர்ப்பலகையும் என் கண்ணில் படவில்லை. இருந்தாலும் இருநூறு வருடத்துக்கு முன் ஒரு தாய் தன் மூன்று பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்ட இடம் அது. அதற்காகப் போகலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மா அண்ணனை அழைத்திருக்கிறார். நான் அப்போது வேலையில். தங்கைதான் பிறகு சொன்னாள், முக்கால் மணி நேரம் போனதாம். அம்மா ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். பேசியதெல்லாம் அண்ணன்தானாம்.